முந்தி அடித்த துக்க மணி

துக்க மணியை அடித்து முடித்துக் கயிற்றைக் கொக்கியில் மாட்டும்போதுதான் தெரிந்தது, ஆள் இன்னும் சாகவில்லை.

சாவு வேலையில் இருக்கிற ஒரே வசதி, சம்பந்தப்பட்டவர் எழுந்து வந்து குறை சொல்ல மாட்டார் என்பதுதான் என்று சொல்லித்தான் என்னை இந்த வேலையில் சேர்த்தார்கள். அது சுத்தப் பொய்.

நான் கோயில்பிள்ளை. வயசு பதினெட்டு. பதினொன்றாம் வகுப்பு பாதியில் எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை, வந்துவிட்டேன். சிவகாசிக்கும் ஆமத்தூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் மாதா கோயிலில் மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, யாராவது இறந்தால் அடக்கப் பூசையிலிருந்து குழி வரைக்கும் ஏற்பாடு செய்வது எல்லாம் என் வேலை. நீங்களும் என்றைக்காவது ஒரு சாவு வீட்டில், "தம்பி, அதை மட்டும் கொஞ்சம் பாத்துக்க" என்ற பேச்சுக்குத் தலையாட்டி மாட்டிக்கொண்டவராக இருந்தால், நாம் ஒரே சாதி.

நாலு மணிக்கு ஒரு மணி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். அடுத்த தெரு அற்புதம் அக்கா மூச்சிரைக்க ஓடி வந்து, "போர்மேன் போயிட்டாருலே, வீட்ல எல்லாரும் அழுறாக" என்றது. போர்மேன் என்றால் சவரிமுத்துப் பெரியப்பா. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற அறைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். மூன்று மாதமாகப் படுக்கை. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இந்த வேலையில் எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றைத் தொடு. எனக்குப் பொறுமை கிடையாது. கயிற்றை இழுத்துவிட்டுத்தான் செருப்பையே மாட்டினேன்.

துக்க மணி மற்ற மணி மாதிரி கடகடவென்று அடிக்காது. ஒரு அடி, ஒரு இடைவெளி, மறுபடி ஒரு அடி. அதைக் கேட்டால் தெருவில் இருப்பவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு, யார் என்று விசாரிப்பார்கள். நான் போர்மேன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அங்கே பாதி ஊர் நின்றது. உள்ளே பெரியப்பா கட்டிலில் தலையணைக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நின்ற மூச்சு, அழுகைச் சத்தத்துக்குத் திரும்பி வந்துவிட்டதாம். இத்தனை வருசம் வெடிச் சத்தத்தில் இருந்ததில் அவருக்குக் காது மந்தம். ஆனால் கோயில் மணி மட்டும் நன்றாகக் கேட்கும். என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"மணி அடிச்சுதே, யாருலே செத்தது?"

மீசை விலகிய போஸ்டர்

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கம் ஒரு சாவுக்குப் போஸ்டர் அடிக்க ஆகிற நேரம், சாக ஆகிற நேரத்தைவிடக் குறைவு. மணி அடித்தது நாலுக்கு. ஆறு மணிக்குப் போர்மேனின் மச்சான் மகன் பிரஸ்ஸிலிருந்து போஸ்டர்க் கட்டோடு வந்து இறங்கிவிட்டான். அவன் கைபேசி சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்ததால் பெரியப்பா பிழைத்த விஷயம் அவனுக்கு எட்டவில்லை. கட்டைத் தோளில் வைத்து நேராக உள்ளே வந்தவன், கட்டிலில் இருப்பவரைப் பார்த்ததும் கட்டை என் காலில் போட்டான். அந்த வீங்கிய கட்டைவிரலோடுதான் மறுநாள் முழுக்க அலைந்தேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போஸ்டரை மறைக்கப் பார்த்தேன். பெரியப்பா கையை நீட்டினார். அவர் கை நீட்டினால் கொடுக்காமல் இருக்க முடியாது, போர்மேன் கை அப்படி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படம், சுற்றிப் பூ, கீழே "மறைவு: செவ்வாய்க்கிழமை." அவருக்குக் கோபமே வரவில்லை. நகத்தால் மீசை மேல் தட்டினார்.

"செகப்பு கலர் ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கு, மீசை ரெண்டாத் தெரியுது. செவ்வாயையும் எடுத்துட்டு வேற அடிச்சிட்டு வரச் சொல்லு, நான் அவசரமாப் போகலை."

பித்தளைதான் வேணும்

எல்லாரும் போனபிறகு என்னை மட்டும் இருக்கச் சொன்னார். மணியை முந்தி அடித்ததற்குத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் சவப்பெட்டியைப் பற்றிப் பேசினார். மூடிக்கு ஆணி அடிக்கக் கூடாது, சுத்தியல் சத்தம் ஆகாது. ஸ்க்ரூதான், அதுவும் பித்தளை, நாலு. மருந்து அறைக்குள் இரும்பு போகக் கூடாது. இரும்பில் இரும்பு உரசினால் பொறி வரும், ஒரு பொறி போதும். வேலை பார்த்த காலம் முழுக்க இடுப்பில் இரும்பு பக்கிள்கூடப் போடாத மனிதர். மண்ணுக்குள்ளே எங்கே மருந்து இருக்கு என்று நான் கேட்டேன். அவர் காதில் விழவில்லை.

அடுத்துச் சொன்னதுதான் பிரச்சினை. "சகாயம் வருவா. அவ வர்றதுக்குள்ள மூடிரு. அவ மொகத்த நான் பாக்கலை, எம் மொகத்த அவ பாக்க வேண்டாம்." சகாயமேரி அவருடைய ஒரே மகள். அவர் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருந்தது. தீபாவளி சீசனில், நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரை உட்காரவைத்திருந்ததைப் பார்த்து அப்பாவிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறது. "சீசன்ல அப்படித்தான்" என்றாராம். அந்த அக்கா ஆபீசர்களுக்கு மனு எழுதிப் போட்டது. வந்து சீல் வைத்தார்கள். கம்பெனி போர்மேனை வீட்டுக்கு அனுப்பியது, போர்மேன் மகளை வீட்டைவிட்டு அனுப்பினார். நாலு வருசமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறது. அந்த அறையில் ஒருத்தருக்கும் ஒரு காயம்கூட வரவில்லை என்பதை இரண்டு பேருமே ஆதாரமாகச் சொல்வார்கள்: அவர், மனு தேவையில்லை என்பதற்கு; அக்கா, மனு போட்டதால்தான் என்பதற்கு.

எனக்கு மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "அது தப்பு பெரியப்பா" என்று சத்தமாகவே சொன்னேன். வெளியே நின்ற மாடுகூடத் திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் காதைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"ஸ்க்ரூவ இன்னைக்கே வாங்கிரு, நாளைக்கு நான் ஞாபகப்படுத்த மாட்டேன்."

இன்னைக்காவது நெசமா?

புதன்கிழமை காலை ஐந்தரைக்குப் போய்விட்டார். இந்தத் தடவை நான் முகத்தைப் பார்த்தேன், மூக்கில் விரல் வைத்தேன், டாக்டர் சொல்லும்வரை காத்திருந்தேன், பிறகுதான் கயிற்றைத் தொட்டேன். ஒருத்தரும் வரவில்லை. தெருவில் ஒரு ஆள் சிலுவை போடவில்லை. பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவனைக் கூப்பிட்டால், "நேத்தே லீவு போட்டு ஏமாந்துட்டேன்" என்று வைத்துவிட்டான்.

இதில் அவசரம் என்னவென்றால், அது பெரிய வாரம், ஈஸ்டருக்கு முந்தின வாரம். மறுநாள் பெரிய வியாழன், அப்புறம் பெரிய வெள்ளி, சனி, பாஸ்கா ஞாயிறு. அந்த நாலு நாளும் அடக்கப் பூசை வைக்க முடியாது. புதன்கிழமைக்குள் வைக்காவிட்டால் வெறும் செபத்தோடு புதைக்க வேண்டியதுதான். பெரியப்பா மனைவி ஞானம்மா பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பூசை இல்லாம மட்டும் கொண்டுபோயிராதீக" என்றது. ஃபாதரோ, சாயங்காலம் மதுரையில் பிஷப் எண்ணெய் மந்திரிக்கிற பூசை, சாமியார்கள் எல்லாரும் போயாக வேண்டும், மூன்று மணிக்குப் பூசை, நாலரைக்கு நான் காரில் இருப்பேன் என்று சொல்லிவிட்டார்.

பெரியம்மா நம்பர் தந்து, சகாயம் அக்காவைக் கூப்பிடச் சொன்னது. நான் "அப்பா இறந்துட்டாரு" என்றேன். எனக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியாது. "நீ மொகத்தைப் பாத்தியா தம்பி?" என்றது. பார்த்தேன் என்றேன். நேற்று நான் அடித்த மணியைக் கேட்டு யாரோ சொல்லி, பஸ் ஏறித் தாராபுரம் வரைக்கும் வந்திருக்கிறது. அங்கே வைத்து, பிழைத்துவிட்டார் என்று போன். அப்படியே இறங்கி எதிர் பஸ் ஏறிவிட்டது. பிழைத்திருந்தால் நல்லதுதானே, வந்திருக்கலாமே என்று நான் கேட்டேன்.

"உசிரோட இருந்தா என்னைப் பாக்க மாட்டாருல்ல தம்பி, அதான் திரும்பிட்டேன்."

ஆறே கால் அடி

பெட்டி வாங்க சிவகாசிக்குப் போனேன். போர்மேன் ஆறே கால் அடி. கடையில் இருந்ததெல்லாம் சராசரி ஆட்களுக்கு. கடைக்காரர் சேலைக் கடை மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இதில் உள்ளே வெல்வெட், இதில் கைப்பிடி தங்கக் கலர், இதில் மூடியில் கடைசி இராவுணவுப் படம். எல்லாவற்றுக்கும் நான் ஒரே கேள்விதான் கேட்டேன், நீளம் எவ்வளவு? "காலை லேசா மடக்கிக்கிட்டா இதுலயே வசதியாப் படுக்கலாம்" என்றார். நீங்க ஒரு தடவை படுத்துக் காட்டுங்க என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் வெல்வெட்டைப் பற்றிப் பேசவில்லை.

கடைசியில் பலகை போட்டு ஒட்டி நீளமாக்கித் தரச் சம்மதித்தார். ஆனால் மதியம் ஒரு மணி ஆகும். மூடிக்கு இரும்பு ஆணி வேண்டாம், பித்தளை ஸ்க்ரூ நான் வைத்திருக்கிறேன், ஓட்டை மட்டும் போடுங்கள் என்று நாலு ஸ்க்ரூவையும் எடுத்துக் காட்டினேன். செத்தவர் சொன்னார் என்றேன். எப்போது சொன்னார் என்று கேட்டார். நேற்று மணி அடித்த பிறகு என்றேன், முழுக் கதையையும் சொன்னேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"நேத்து உசிரோடதான இருந்தாரு, கையோட கூட்டியாந்து அளவு குடுத்திருக்கலாம்ல?"

மம்பட்டியும் மூக்கும்

குழி வெட்டுகிறவர் மிக்கேல் அண்ணன். பதினொரு மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் வேப்ப மரத்தடியில் மம்பட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். நேற்று என் மணியை நம்பி மூன்றடி வெட்டி, பிழைத்த செய்தி கேட்டு அந்த மூன்றடியையும் மூடியிருக்கிறார். கரிசல் மண், பங்குனி வெயில். அவர் கோபம் நியாயம். "உம் பேச்சை நம்பி இனிமே ஒரு கூடை மண்ணை அள்ள மாட்டேன்" என்றார். நான் கெஞ்சுகிற ஆள் இல்லை. பைக்கில் ஏறச் சொன்னேன்.

ஏறினார். மம்பட்டியோடு சாவு வீட்டுக்குள் வந்தார். அழுதுகொண்டிருந்தவர்கள் வழி விட்டார்கள். போர்மேன் முகத்தைக் குனிந்து பார்த்தார், மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்து இருபது எண்ணினார். அப்புறம் பெரியம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு. வெளியே வந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரியாத்தான் செத்திருக்காரு, வா வெட்டுவோம்."

தீக்குச்சி

பெட்டி வந்தது, உடம்பை இறக்கினோம், மூன்று மணிக்குக் கோயிலுக்குக் கொண்டுவந்தோம். நம்பாத ஊரெல்லாம் பெட்டியைப் பார்த்ததும் வந்துவிட்டது. கீபோர்டுக்காரனும் வந்தான். பீடத்துக்கு முன்னால் பெட்டியை வைத்து, தலைமாட்டில் பாஸ்கா திரியை, அந்த ஆளுயர மெழுகுவர்த்தியை, ஏற்றத் தீக்குச்சியை உரசினேன். பின்னாலிருந்து என் கையில் ஓர் அடி விழுந்தது. ஞானம்மா பெரியம்மா.

கல்யாணம் ஆன நாளிலிருந்து பெரியப்பா வேலைச் சட்டையோடு இருக்கும்போது வீட்டில் அடுப்பு எரியாதாம். அவர் குளித்து, துணி மாற்றி, சட்டையை வெளியே கொடியில் போட்ட பிறகுதான் தீப்பெட்டியையே கையில் எடுப்பார்களாம். இன்றைக்குப் பெரியப்பாவுக்குப் போட்டிருந்தது கம்பெனி கொடுத்த காக்கிச் சட்டை. ஃபாதர் வந்தார். திரி இல்லாமல் எப்படி, கிறிஸ்துவின் ஒளி என்று விளக்கினார். பெரியம்மா முழுக்கக் கேட்டது. பிறகு தூபக்கலசம் வந்தது, உள்ளே கங்கு கனிகிறது, ஃபாதர் அதைப் பெட்டியைச் சுற்றி ஆட்ட வேண்டும். பெரியம்மா முகம் வெளுத்துவிட்டது. முடிவில் திரியை நாலடி தள்ளி வைத்தோம், ஃபாதர் தூபத்தைத் தூரத்திலிருந்தே, கொசுவுக்குப் புகை போடுகிற மாதிரி, ஆட்டினார். பெரியம்மா அப்போதும் சமாதானமாகவில்லை.

"அவரு முழிச்சிருந்தா, சாமி, உங்க ரெண்டு பேரையும் இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருப்பாரு."

மூடி

பூசை முடிந்து கல்லறைத் தோட்டம் போய்ச் சேரும்போது மணி நாலு. சகாயம் அக்கா ஒரு மணிக்கு மதுரை தாண்டியதாகச் சொன்னது. அதன் பிறகு பஸ் திருமங்கலத்தில் டயர் பஞ்சர். தோட்டத்துக்கு வந்ததும் போன் செய்தால், விருதுநகரில் இறங்கி ஆட்டோ பிடித்துவிட்டேன் என்றது. குழி அரை அடி குட்டையாக இருந்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பெட்டியை ஒட்டி நீளமாக்கியதை மிக்கேல் அண்ணனிடம் சொல்ல மறந்திருந்தேன். அவர் என்னை என்னென்னவோ திட்டிக்கொண்டே வெட்டினார். பத்து நிமிடம் ஓடியது. மிக்கேல் அண்ணன் கெட்டிக்காரர், இன்னொரு பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளக் கூடாதா!

எல்லாரும் கடைசியாக முகம் பார்த்தார்கள். ஃபாதர் குழியை மந்திரித்தார், வாட்சைப் பார்த்தார், "மூடுப்பா" என்றார். நான் நின்றேன். ஸ்க்ரூ நாலும் என் சட்டைப் பையில். "ஏலே, சாமி சொல்லுதாகல்ல" என்றது கூட்டம். பெரியம்மா என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "அவரு சொன்ன சொல்ல மீற எனக்குத் தைரியமில்ல ராசா. அவ வர்றதுக்குள்ள மூடிரு" என்றது. சொல்லும்போது அது கண் பாதையில்தான் இருந்தது.

பொய் சொல்லியிருக்கலாம். ஸ்க்ரூ தொலைந்துவிட்டது, ஓட்டை சரியில்லை, எத்தனையோ இருக்கிறது. எனக்கு வரவில்லை. "மூட மாட்டேன் ஃபாதர்" என்றேன். "நேத்து நான் மொகத்தைப் பாக்காம மணி அடிச்சேன். அதைக் கேட்டு அந்த அக்கா தாராபுரம் வரைக்கும் வந்து திரும்பிப் போச்சு. அது நேரா வந்திருந்தா காலையிலயே இங்கன இருந்திருக்கும். அதுக்கு மொகத்தைக் காட்டாம மூடுனா நான் இந்த வேலையில இல்லை." ஃபாதர் என்னைப் பார்த்தார். பெரியம்மா சொன்ன பெரியப்பாவுக்கு அடுத்து, என்னை வேலையைவிட்டு நீக்குகிற ஆள் என் கணக்கில் அன்றைக்கு இவர் இரண்டாவது. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கல்லறைத் திண்டில் உட்கார்ந்தார். "எண்ணெய நான் இல்லாமலும் பிஷப் மந்திரிச்சிருவாரு" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி.

நாலு நாற்பதுக்கு ஆட்டோ வந்தது. அக்கா கையில் பை கூட இல்லை, பனியன் கம்பெனி அட்டை கழுத்தில் தொங்கியது. கூட்டம் விலகியது. பெரியம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். அது மகளின் முழங்கையைப் பிடித்துப் பெட்டிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கையை எடுக்காமல் நின்றது. அக்கா குனிந்து பார்த்தது, வெகு நேரம். அழும் என்று எல்லாரும் காத்திருந்தோம். அது விரலை எச்சிலில் தொட்டு, அப்பா மீசையின் இடது பக்கத்தைக் கீழே இழுத்துச் சரிசெய்தது. இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று ஓரடி பின்னால் போய்ப் பார்த்தது. பெரியப்பா போஸ்டரைப் பார்த்த அதே பார்வை. அப்புறம் என்னிடம் கையை நீட்டியது. அந்தக் கைக்கும் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. நாலு ஸ்க்ரூவையும் வைத்தேன். ஒவ்வொன்றாக வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அழுதது.

"பித்தளைதான? இரும்புன்னா அப்பா உள்ள போக மாட்டாரு."

மணி அடித்த பிறகும் எழுந்து உட்கார்ந்து கேள்வி கேட்ட மனிதர்தான், ஆனால் அவ வர்றதுக்குள்ள மூடிரு என்று சொல்லியும் நான் மூடாமல் நின்றதற்கு இதுவரைக்கும் ஒரு வார்த்தை வந்து கேட்கவில்லை.